அஞ்சம்மாளின் தூபக்கால்

பழைய பொருள் சேர்க்கிறவர்கள் என்றாலே இப்போது எனக்கு ஆகாது. நானும் அந்தக் கூட்டத்தில் எட்டு வருஷம் குப்பை கொட்டியவன்தான், தெரிந்துதான் சொல்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ரொம்பக் கௌரவமான மனிதர்கள். ஒரு பழைய பூட்டைக் கையில் கொடுத்தால் பிறந்த குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்குவார்கள். அந்தப் பூட்டு எந்த வீட்டுக் கதவில் தொங்கியது, அந்த வீட்டில் இப்போது யார் என்ன ஆனார்கள் என்று கேட்டால் மட்டும் காது கேட்காது. கருமம்!

மேற்குத் தாம்பரத்தில் சிட்டிபாபுவின் வீட்டு மாடியில்தான் கூடுவோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நாலு மணி. சிட்டிபாபு எண்பதுகளின் ஆரம்பத்தில் ஏரிக்கரை நிலங்களை மனை போட்டு விற்றவர். அப்புறம் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி தொடங்கி, அதற்குக் கரஸ்பாண்டென்ட் ஆகி, பட்டுச் சட்டைக்கு மாறியவர். அவரைத் தவிர நாங்கள் மூன்று பேர். ரயில்வே அக்கவுண்ட்ஸில் ரிட்டையர் ஆன ஸ்ரீநிவாசராகவன், நாணயம் சேர்ப்பவர். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு காலேஜில் லேப் அசிஸ்டென்டாக இருந்த தனசிங், விளக்கும் பூட்டும் சேர்ப்பவர். நான் கேசவன், டெலிபோன்ஸில் கிளார்க். பழைய கடைகளில் தொங்கிய எனாமல் போர்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். சோப்பு, பீடி, தலைவலித் தைலம் எல்லாம் என் வீட்டுச் சுவரில் இருந்தன.

எங்களுக்கு இரண்டே சட்டம். முதல் சட்டம் பூட்டு. ஒருவர் ஒரு பொருளைத் துணி போட்டு மூடிக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். வைத்த நிமிஷத்திலிருந்து அவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் வரிசையாக, என்ன உலோகம், எந்த ஊர் வேலை, என்ன வயசு, எதற்குப் பயன்பட்டது என்று சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் பூட்டு திறக்கும். இந்தச் சட்டத்தைப் போட்டவரே சிட்டிபாபுதான். ஒருமுறை தனசிங் தும்மியதற்கே அடுத்த மாச பஜ்ஜிச் செலவை அவர் தலையில் கட்டினார். இரண்டாவது சட்டம், எதையும் தேய்க்கக் கூடாது. கறை, களிம்பு, புகை எல்லாவற்றுக்கும் சேர்த்து பாட்டினா என்று பெயர். அதுதான் பொருளின் வயசுக்குச் சாட்சி, அதைத் தொட்டவன் பாவி. தனசிங்கின் மனைவி ஒரு தடவை அவருடைய குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிவிட்டாள் என்று மனிதர் மூன்று நாள் வீட்டில் சாப்பிடவில்லை.

இந்தக் கூட்டத்துக்குத் துளசிங்கத்தை அழைத்துக்கொண்டு போனவன் நான்தான்.

துளசிங்கம் இரும்புலியூரில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். பேப்பர், பாட்டில், தகரம், பித்தளை, எது வந்தாலும் எடைக்கு எடுப்பார். குள்ளமான உருவம், எப்போதும் காக்கி அரைக்கால் சட்டை, மேலே கைவைத்த பனியன். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். எண்பத்தொன்பதில் ஒருநாள் பழைய போர்டு ஏதாவது கிடைக்குமா என்று அவர் கடைக்குப் போனேன். ஒரு பெண்மணி கிண்ணம் ஒன்றைப் பித்தளை என்று சொல்லிப் போட வந்திருந்தாள். துளசிங்கம் அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார், விரலை முகர்ந்தார், நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதில் வைத்துக்கொண்டார். “தாயி, இது வெண்கலம். பித்தளை வெலைக்குப் போடாதே. வூட்டுக்கு எடுத்துகினு போ, கண்ணுல ஒத்திக்கினு வச்சிக்கோ” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அசந்து போனேன். எங்கள் ஸ்ரீநிவாசராகவன் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திண்டாடுகிற விஷயம் அது.

“எங்க வட்டத்துக்கு வர்றீங்களா? ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பேசுவோம்” என்றேன்.

“பெரிய மனுசங்கோ கூடற எடத்துல நான் இன்னாத்துக்கு சார்?” என்றார். உடனே, “கோயில் சாமான்லாம் வருமா அங்கே?” என்று கேட்டார்.

“எல்லாம் வரும்.”

“அப்பொ வர்றேன்.”

கோயில் சாமானை ஏன் கேட்டார் என்பதை, திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்து சொன்னார். அவருடைய சொந்த ஊர் சேலையூரைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன கிராமம். அங்கே அம்மன் கோயிலில் அவருடைய அக்கா அஞ்சம்மாள் இருபத்திரண்டு வருஷமாக வாசல் பெருக்கி, சாணி தெளித்து, சாயந்திரம் தணல் மூட்டி, தூபக்காலில் சாம்பிராணி போட்டுப் பூசாரி கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் சின்ன வயசிலேயே போய்விட்டான், பிள்ளை குட்டி கிடையாது. கோயில்தான் வீடு. எண்பத்தெட்டு ஆடி மாசம், கூழ் ஊற்றின மறுநாள், அந்தத் தூபக்காலைக் காணோம். தர்மகர்த்தா ஏகநாதன் ஊரைக் கூட்டி, “தெனமும் தொடறவ யாரு? அவதான். தம்பி பழைய சாமான் கடை வச்சிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?” என்று சொல்லிவிட்டார். விளக்குமாற்றைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் அவளுக்கு அஞ்சம்மாள் என்ற பெயர் போய், தூபக்கால்காரி என்று ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்களாம்.

“போலீசுல போட்டு அடிச்சிருந்தாகூட பரவால்ல சார். வுட்டுட்டாங்கோ. பாவம் பொழச்சிப் போகட்டும்னு வுட்டுட்டாங்கோ. அதான் எங்கக்காவுக்கு சோறு எறங்கல” என்றார். “அந்தச் சாமான் எங்கியோ ஒரு பெரிய வூட்ல கீது. ஒருநாள் என் கண்ணுல படும். யாருகிட்ட இருந்துச்சின்னு தெரிஞ்சிட்டா போதும், எங்கக்கா பேரு திரும்பி வந்துடும்.”

அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

இரண்டரை வருஷம் துளசிங்கம் ஒரு கூட்டம் தவறாமல் வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு. எங்களுக்கு நாற்காலி, அவருக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல். எங்களுக்கு டபராவில் காபி, அவருக்கு மட்டும் ஒரு கண்ணாடி டம்ளர். காபி குடித்ததும் அதை அவரே எடுத்துப் போய்க் குழாயடியில் கழுவி வைத்துவிட்டு வருவார். யாரும் கழுவச் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறிவுக்கு மட்டும் அவர் வேண்டும். தனசிங் மட்டும் அவரிடம் கேட்டு எத்தனையோ விளக்குகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். சீட்டின் அடியில் ‘கண்டறிந்தவர்: தனசிங்’. தூ!

தொண்ணூற்றிரண்டு மாசி மாசம். சிட்டிபாபு அன்றைக்குக் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். மேஜையில் சிவப்பு வெல்வெட் துணி போட்டு எதையோ மூடியிருந்தது. எல்லோரும் உட்கார்ந்ததும் துணியை எடுத்தார், உதட்டில் விரலை வைத்துக்காட்டிப் பூட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

ஒரு தூபக்கால். ஒரு சாண் கைப்பிடி, நுனியில் படமெடுத்த நாகம், முன்னால் தணல் போடுகிற கிண்ணம், அடியில் மூன்று கால். கிண்ணத்தின் உள்ளே சாம்பிராணிக் கரி தார் போல அப்பிக் கிடந்தது. துளசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அசையவே இல்லை.

தனசிங் முதலில் எடுத்தார். “அடேங்கப்பா, என்ன வேலைப்பாடு! வெண்கல வார்ப்பு. குறைஞ்சது நூத்தம்பது வருஷம். கும்பகோணம் பக்கம். இந்தப் பாட்டினாவைப் பாருங்க சார், ஆஹா!” என்று கரியை முகர்ந்தே பார்த்தார்.

ஸ்ரீநிவாசராகவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “கும்பகோணமா? நோ நோ. இது செங்கல்பட்டு ஜில்லா வேலை. கிராமத்து அம்மன் கோயில் அயிட்டம். பெரிய கோயில்னா கைப்பிடியில யாளி இருக்கும், நாகம் இருக்காது. இங்க பாருங்கோ, கைப்பிடி கழண்டு மறுபடியும் ரிவெட் அடிச்சிருக்கு. லோக்கல் ரிப்பேர். இது நம்ம பக்கத்துலதான் எங்கேயோ இருந்திருக்கு” என்றார். மேதை! சிட்டிபாபு சோபாவில் நெளிந்தார். இவர் சொல்லச் சொல்ல, பொருள் கும்பகோணத்திலிருந்து கிளம்பிச் சேலையூர் எல்லைக்கே வந்துவிட்டது. பொருளை வைத்தவருக்கு முகம் வெளுத்தது. ஆனால் வாய் திறக்கக் கூடாதே, அவர் போட்ட சட்டமாயிற்றே.

என் முறைக்கு நான் ஏதோ உளறினேன். அடுத்தது துளசிங்கம்.

அவர் எழுந்து வந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். தூபக்காலைத் தூக்கவில்லை, நாகத்தின் படத்தை மட்டும் தடவினார். ஒரு பக்கம் மூளியாக இருந்தது.

“இது எழுபதுல ஒடஞ்சது சார். மழைக்காலம். எங்கக்கா ஈரப் படியில வழுக்கி வுழுந்தா. முட்டியில காயம், இதுக்கும் காயம்” என்றார். “கிண்ணமும் ஆடிப்போச்சு. ஈயம் பூசறவன் ஒருத்தன் ஊருக்குள்ள வந்தான். நான்தான் தணல் ஊதிக் குடுத்தேன். ஆணி அடிச்சா கிண்ணத்துல ஓட்டை பெரிசாகி நிக்கல. உள்ளாற ஒரு வாஷர் வோணும்னான். எங்கக்கா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த ஓட்டைக் காலணாவ எடுத்துக் குடுத்தா. அத வச்சித்தான் அடிச்சான். இந்தக் கரிய சொரண்டிப் பாருங்கோ, அடியில கீது.”

அப்புறம்தான் அது நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. துளசிங்கம் சாவிக்கொத்தை எடுத்துக் கிண்ணத்தில் வைத்ததும் தனசிங் பாய்ந்து வந்து தூபக்காலைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

“யோவ், என்ன பண்றே! பாட்டினாய்யா இது! சுரண்டினா போச்சு!”

“சார், இது எங்கக்கா மேல போட்ட பழி சார்.”

“அதெல்லாம் அப்புறம். பொருளைக் கெடுக்காதே.”

ஸ்ரீநிவாசராகவனும், “ஆமாம் துளசிங்கம், வேணும்னா நாம எக்ஸ்ரே மாதிரி ஏதாவது…” என்றார். எக்ஸ்ரே! ஒரு பெண்பிள்ளையின் மானம் மூன்றரை வருஷமாக நடுத்தெருவில் கிடக்கிறது, இவர்களுக்குக் கரி பெரிதாகப் போய்விட்டது. நான் எழுந்து தனசிங்கின் கையைப் பிடித்து முறுக்கினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே வீரச் செயல் அதுதான். துளசிங்கம் தூபக்காலை வாங்கி மேஜையில் வைத்துச் சாவியால் சுரண்டினார். கரி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் வட்டமாக ஒரு செம்பு விளிம்பு தெரிந்தது. நடுவில் தடித்த ஆணி.

ஓட்டைக் காலணா.

துளசிங்கத்தின் கண்ணிலிருந்து கடகடவென்று நீர் கொட்டியது. ஸ்ரீநிவாசராகவன் அவரை மெல்ல ஒதுக்கிவிட்டுப் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். “நாற்பத்தி மூணா, நாற்பத்தி நாலா? காசு மேல இருக்கிற கிரீடம் எந்த மாடல்னு பாருங்கோ தனசிங்” என்றார். “உருண்டைக் கிரீடம் சார்!” என்றார் தனசிங், சந்தோஷமாக. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு வருஷம் தேடினார்கள்.

“பூட்டு திறந்தாச்சு. சொல்லுங்க சிட்டிபாபு சார்” என்றேன்.

சிட்டிபாபு தொண்டையைச் செருமினார். “துளசிங்கம், டோன்ட் மிஸ்டேக் மி. எனக்கு எந்த ஊர்ப் பொருள்னெல்லாம் தெரியாது. ஒருத்தர் கொண்டுவந்து கொடுத்தார், வாங்கினேன். உன் ஊர்ப் பொருள்னு ஆயிடுச்சு. தாராளமா எடுத்துட்டுப் போ. எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றார். கொடுத்தது யார் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.

“சாமான் வோணாம் சார்” என்றார் துளசிங்கம். “நீங்க ஒரு தபா ஊருக்கு வந்து, இது எங்கிட்ட இருந்திச்சு, இன்னார் குடுத்தாருன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்.”

“அது முடியாதுப்பா. நான் ஸ்கூல் நடத்தறவன். ஆயிரம் பேரண்ட்ஸ் என்னைப் பார்க்கிறாங்க. பொருளை எடுத்துட்டுப் போ, என் பேரை மட்டும் இழுக்காதே.”

“நான் தனியா எடுத்துகினு போனா இன்னா சொல்வாங்கோ சார்? திருடன் பயந்து போயி திருப்பிக் குடுக்குறான்னுதான சொல்வாங்கோ? அதுக்கு இது உங்ககிட்டவே இருக்கலாமே.”

தனசிங் பஜ்ஜியைச் சட்னியில் தோய்த்தார். ஸ்ரீநிவாசராகவன் மணி பார்த்தார். எட்டு வருஷம் இந்த மனிதர்களோடு உட்கார்ந்து காபி குடித்தேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. “நான் வரேன் துளசிங்கம்! வெள்ளிக்கிழமை நான் வந்து உங்க ஊர்ல எல்லார் முன்னாடியும் சொல்றேன். எவன் என்ன பண்ணுவான் பார்க்கலாம்!” என்று கத்தினேன். துளசிங்கம் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாடிப்படி இறங்கும்போது சிட்டிபாபு பின்னாலேயே வந்தார். துளசிங்கம் தூபக்காலைத் துணியில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு அப்பால் நின்றிருந்தார்.

“கேசவன், ஒய்ஃப் நல்லா இருக்காங்களா?” என்றார் சிட்டிபாபு. என் மனைவி அவர் பள்ளியில்தான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள், ஐந்து வருஷமாகத் தற்காலிகம். “வர்ற ஜூன்ல பர்மனென்ட் பண்ணலாம்னு லிஸ்ட்ல பேர் வச்சிருக்கேன். நல்ல டீச்சர்” என்று என் தோளில் தட்டிவிட்டு மேலே போய்விட்டார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஐந்து நாளும் நான் ஒத்திகை பார்த்தேன். ஆபீஸில், ரயிலில், குளிக்கும்போது. ‘மேற்குத் தாம்பரம் சிட்டிபாபு, மெட்ரிகுலேஷன் பள்ளிக் கரஸ்பாண்டென்ட், அவர் வீட்டு மாடியில் என் கண்ணால் பார்த்தேன்.’ ஒரே வாக்கியம். மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் என்ன சொல்லுவாளோ என்ற பயம் இல்லை, போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் போனேன். அஞ்சம்மாளை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத மஞ்சள் சேலை கட்டி, கோயில் மதிலுக்கு வெளியே நின்றிருந்தாள். மூன்றரை வருஷமாக உள்ளே விடவில்லை, இன்றைக்கும் கூப்பிட்டால்தான் வருவேன் என்று நின்றாள். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு, “சார்தானா? உங்களுக்குக் கோடி புண்ணியம். அம்மன் உங்க கொலத்தக் காப்பாத்தும்” என்றாள். எனக்கு அங்கிருந்து அப்படியே ஓடிவிடலாம் போல இருந்தது.

உள்ளே இருபது முப்பது பேர். தர்மகர்த்தா ஏகநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வாட்டசாட்டமான ஆள், தோளில் டர்க்கி டவல். துளசிங்கம் துணியைப் பிரித்துத் தூபக்காலை அம்மன் முன்னால் வைத்தார். பெண்கள் சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி அதைத் தூக்கிப் பார்த்து, “அதேதான்” என்றார்.

“எங்கடா இருந்துச்சி?” என்றார் ஏகநாதன்.

“நான் சொன்னா நம்ப மாட்டீங்கோ. தோ, சார் சொல்லுவாரு. படிச்சவரு, கவர்மெண்ட் உத்தியோகம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதிலுக்கு வெளியே அஞ்சம்மாள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது.

“சொல்லுங்க சார். யாருகிட்ட இருந்துச்சி?”

நான் வாயைத் திறந்தேன். ஐந்து நாளாக மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. கண் முன்னால் அந்த லிஸ்ட் வந்தது. “தாம்பரத்துல… பழைய சாமானெல்லாம் வாங்கிச் சேர்க்கிற ஒருத்தர்கிட்ட…” என்றேன்.

“பேரு?”

“பேரு… சரியா ஞாபகம் இல்லை.”

ஏகநாதன் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். “தாம்பரத்துல பழைய சாமான் வாங்குறவன் யாருன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? தோ, உங்க பக்கத்துலதான நிக்கிறான்” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. “போகட்டும். சாமி சொத்து, வயித்துல வச்சிருக்க முடியல, கொண்டாந்து குடுத்துட்டான். மன்னிச்சு வுட்டுடலாம்” என்றார்.

துளசிங்கம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் தரையில் கிடந்த துணியை எடுத்து உதறி மடித்துக்கொண்டு வெளியே வந்தார். அஞ்சம்மாளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“சார இன்னாத்துக்குடா கஷ்டப்படுத்துன? அவுருக்கு இன்னா கஷ்டமோ” என்று தம்பியைக் கடிந்துகொண்டாள். பிறகு என்னிடம், “இருட்டிட்டா பஸ் கெடைக்காது சார். இவன் உங்கள மெயின் ரோடு வரைக்கும் கொண்டாந்து வுடுவான்” என்றாள்.

அவர் கொண்டுவந்துவிட்டார். பஸ் வருகிற வரை கூடவே நின்றார். பஸ் வந்ததும் நான் ஏறுவதற்கு வசதியாக என் பையை வாங்கி, உள்ளே ஏறியதும் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். தூ என்று நான் யார் யாரையோ துப்பியிருக்கிறேன். அன்றைக்கு அந்த மனிதர் என் மூஞ்சியில் துப்பாமல் போனாரே, அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.